விதைச் சோளமும் கணிப்பொறியும்

என் பாட்டி விதைச் சோளம் முழுவதையும் ஒரே வீட்டில் வைக்கமாட்டார். ஒரு பங்கை அடுத்த ஊரிலுள்ள தம் தங்கையிடம் கொடுத்து வைப்பார். "நம்மூட்ல தீப்புடிச்சாலும் அங்க வெதை இருக்குமல்லோ, கண்ணு" என்பார். பள்ளி வாசலை மிதியாத அவர் அறிந்த இவ்வுண்மையைக் கணிப்பொறி கற்ற நாம் மறந்துவிடுகிறோமே!

என் தாயார் நூற்பாலைத் தொழிலாளி. சென்ற ஆண்டு அவருடைய ஆலையில் மின்னல் தாக்கிக் கணிப்பொறி கருகிற்று. படி எடுத்து வைத்த வட்டும் அதிலேயே செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. மூன்று மாதம் தாம் உழைத்ததை அவரே மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இல்லாதவை மீளவே இல்லை. ஆகவே, படி இருந்தால் மட்டும் போதாது. அது வேறு ஊரிலும் இருத்தல் வேண்டும்.

"பல்லடத்திலிருந்து கோவைக்கு நாள்தோறும் அனுப்ப லைன் தாங்காது" என்பர் சிலர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் 100 ஜிகாபைட் போய்ச் சேர ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். உண்மைதான். ஆனால் அத்தனையையும் தினமும் அனுப்புவானேன்? ஒரு நாளில் மாறியது 1 ஜிகாபைட் என்றால், அதற்கு 14 நிமிடமே போதும்!

மாறியதை மட்டும் கண்டறிவது எப்படி? 1996-இல் ஆஸ்திரேலியாவில் டிரிட்ஜெல், மெக்கராஸ் என்னும் இருவர் 'ஆர்சிங்க்' என்ற வழியைத் தந்தனர். பழைய படி உள்ள கணிப்பொறி, கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கணித்து அனுப்பும். புதிய கோப்பு உள்ள கணிப்பொறி அவ்வெண்களோடு ஒப்பிட்டு, பொருந்தாத பகுதிகளை மட்டுமே திருப்பி அனுப்பும். முதல் முழுப் படியை வட்டில் ஏற்றிப் பேருந்திலேயே கொண்டுபோய்விடலாம். பிறகு இரவு நேரத்தில் மாற்றங்களை அனுப்பினால் பகல் வேலையும் கெடாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிழையும் மாற்றம்தான், அதுவும் போய்ச் சேர்ந்துவிடும். எனவே சில நாட்களின் பழைய படிகளையும் காக்க வேண்டும். மேலும், முளைக்குமா என்று பாராத விதையை நம்பலாமா? படியிலிருந்து கோப்பை மீட்டெடுத்தும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

கணிப்பொறியில் இருப்பவை வெறும் எண்கள் அல்ல. என் தாயைப் போன்றோரின் வியர்வை. நாளை அலுவலகங்களில் அமரப்போகும் நண்பர்களே, அதை ஒரே மேசையில் விட்டுவைக்கமாட்டோம் என இன்றே உறுதி கொள்வோமாக!