டவுன்ஸ்வில்: ஒரு நகரம், இரண்டு பிறந்த நாட்கள்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடற்கரையில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது டவுன்ஸ்வில். எதிரே மேக்னடிக் தீவு, ஊர் நடுவே 286 மீட்டர் உயரமுள்ள காசில் ஹில் குன்று, நல்ல வெயில். சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்லும். ஊர் பிறந்த கதையோ அவ்வளவு அழகானதல்ல.

1864ல் ஜான் மெல்டன் பிளாக் என்பவர் கால்நடைப் பண்ணைகளின் சரக்கை அனுப்பத் துறைமுகம் தேடி ஆட்களை அனுப்பினார். ராஸ் கிரீக் ஓடை கடலில் சேரும் இடத்தில் ஊர் உருவானது. பணம் போட்டவர் சிட்னி வியாபாரி ராபர்ட் டவுன்ஸ். அவர் அங்கே வந்தது ஒரே ஒரு முறை, 1866ல். ஆனாலும் ஊருக்கு அவர் பெயர்தான்!

இதே டவுன்ஸ்தான் 1863ல் தன் பருத்தித் தோட்டத்துக்காகப் பசிபிக் தீவுகளிலிருந்து 67 பேரை ‘டான் யுவான்’ கப்பலில் கொண்டுவந்தவர். குயின்ஸ்லாந்தில் அதுதான் தொடக்கம். பின்னால் ஆயிரக்கணக்கான தீவு மக்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் பலர்.

பிறகு சார்ட்டர்ஸ் டவர்ஸில் தங்கம் கிடைத்தது. 1882ல் அங்கே ரயில் போனது. துறைமுகம் வளர்ந்தது, ஊர் நகரமானது. ஆனால் அது வுல்குருகபா, பிண்டால் மக்களின் மண். அவர்களை யாரும் கேட்கவில்லை. பழங்குடிகளுக்கு நில உரிமை இல்லை என்பதே அன்றைய சட்டம்.

அந்தச் சட்டத்தைச் சாய்த்த வழக்குக்கு வித்திட்டதும் இதே நகரம்தான். மர்ரே தீவைச் சேர்ந்த எடி மாபோ இங்குள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். தன் தீவு நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம் என்று அங்கிருந்த வரலாற்று ஆசிரியர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. 1981ல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் வழக்குப் போடும் முடிவு பிறந்தது. 1992 ஜூன் 3ல் உயர் நீதிமன்றம் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்றது. மாபோ அதைப் பார்க்கவில்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

2005ல் டவுன்ஸுக்கு நகரில் சிலை வைத்தார்கள். 2008ல் பல்கலைக்கழக நூலகத்துக்கு மாபோ பெயர் வைத்தார்கள். சிலையை எடு, ஊர்ப் பெயரை மாற்று என்பதல்ல இங்கே வாதம். பெயரை அழித்துவிட்டால் நடந்ததும் சேர்ந்தே மறந்துபோகும். பெயர் இருக்கட்டும், அதன் முழுக் கதையும் கூடவே இருக்கட்டும். 1864ஐ ஊரின் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுபவர்கள் 1981ஐயும் கொண்டாட வேண்டும். முதலாவது மண்ணை எடுத்துக்கொண்ட ஆண்டு. இரண்டாவது, அது யாருடையது என்று கேட்ட ஆண்டு.