மழை பெய்தா காற்று சுத்தமாயிடுமா?

"கடல் காற்று, ஃபேக்டரி புகை இல்லை, ராமேஸ்வரம் பக்கம் காற்று சுத்தம்." இப்படித்தானே நினைக்கிறீங்க? கார்த்திகை மாசம் பக்கத்து கட்டில்ல ஒருத்தர் ராத்திரி எழுந்து இன்ஹேலர் தேடுறதைப் பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க.

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்யுது. மழை காற்றில் மிதக்கிற ஸ்போர்களைக் கழுவி இறக்கும், உண்மைதான். ஆனா அதே ஈரத்தில் சில பூஞ்சைகள் புது ஸ்போர்களைத் தெறிக்க விடும். நனைஞ்ச சுவரில் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வளரும். வெயில் காலத்தில், காய்ஞ்ச சருகிலிருந்து கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா ஸ்போர்களைக் காற்று அள்ளிட்டுப் போகும். சீசன் மாறினா வகை மாறும், காற்று காலியாகாது.

போன்ல பார்க்கிற ஏ.கியூ.ஐ. 8 மாசுகளைத்தான் கணக்கில் எடுக்குது. ஸ்போரைத் தனியா எண்ணுறதில்லை. அதனால பச்சை நிறத்தை நம்பி ஆஸ்துமா உள்ளவங்க அலட்சியமா இருக்கக் கூடாது.

அப்போ நாமே எண்ணுவோம். ஸ்லைடில் வாசலின் தடவி மொட்டை மாடியில் வச்சு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பாம்பன் வானிலை நிலையத்தின் மழை, ஈரப்பத அளவோடு ஒரு வருஷம் ஒப்பிடலாம். ஒரு கன மீட்டருக்கு எத்தனைன்னு இது சொல்லாது. எந்த மாசம் கூடுதுன்னு காட்டும். இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப்பை விட இது உருப்படியான ப்ராஜெக்ட்.

அதுவரை, கருப்பா பூத்த சுவருக்கு மேல பெயின்ட் அடிக்க விடாதீங்க. முதல்ல கசிவை அடைக்கச் சொல்லுங்க.