டவர் இல்லாத கடலில் ஒரு மெசேஜ்: உள்ளங்கை அளவு வயர்லெஸ் போர்டால் தூத்துக்குடி மீனவருக்கு என்ன பயன்?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரன்ட் இல்லை, பல ஊர்களில் டவரும் இல்லை. சென்னையிலும் துபாயிலும் இருந்த தூத்துக்குடிக்காரர்கள் வீட்டு நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற அதே குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குரல் தினசரி விஷயம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டினால் கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் வெறும் டார்ச் லைட்தான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது நடந்ததும் இதுவே. எச்சரிக்கை கரைக்கு வந்தது. பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

இந்த இடைவெளியை ஒரு சின்ன போர்டு அடைத்துவிடும் என்று யூடியூபில் இப்போது நிறைய வீடியோக்கள் சுற்றுகின்றன. 'டவர் வேண்டாம், சிம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம்' என்பது தம்ப்நெயில். பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று பார்ப்போம்.

அது என்ன போர்டு?

பெயர் இஎஸ்பி32. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட சிப். உங்கள் வீட்டில் வைஃபை பல்போ ஸ்மார்ட் ப்ளக்கோ இருந்தால், உள்ளே இது அல்லது இதன் அண்ணனான இஎஸ்பி8266 இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 240 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இரண்டு கோர்கள், 520 கிலோபைட் மெமரி, வைஃபை, ப்ளூடூத் எல்லாம் விரல் நகம் அளவில். போர்டாகச் சேர்த்து வாங்கினால் சில நூறு ரூபாய்.

இதை மேக்கர்கள் கொண்டாட விலை மட்டும் காரணமில்லை. பழைய சிப்களில் 'இந்த வேலைக்கு இந்த பின்' என்று எழுதிவைத்த மாதிரி இருக்கும். இதில் உள்ளே ஒரு ஸ்விட்ச் அமைப்பு இருக்கிறது. எந்த வேலையை எந்தப் பின்னுக்குத் திருப்பிவிடுவது என்பதை, சில பின்கள் தவிர, புரோகிராமிலேயே முடிவு செய்யலாம். ஒயரைக் கழற்ற வேண்டாம், கோடு மாற்றினால் போதும். அந்தக் கோடையும் வைஃபை வழியாகவே ஏற்றலாம். இன்று முள்ளக்காடு உப்பளத்தில் வெயிலையும் ஈரப்பதத்தையும் அளந்துகொண்டிருக்கும் போர்டு, நாளைக்கு இறால் பண்ணையில் தண்ணீர் சூட்டைப் பார்க்கலாம். நாளை மறுநாள் படகில் ஏறலாம்.

படகில் ஏற இன்னொரு பாகம் வேண்டும். வைஃபை நூறு மீட்டர் தாண்டவே திணறும். அதனால் லோரா என்ற ரேடியோ சிப்பை இதோடு சேர்க்கிறார்கள். இஎஸ்பி32, லோரா, ஜிபிஎஸ், பேட்டரி ஹோல்டர் எல்லாம் ஒரே போர்டில் பொருத்தி 'டி-பீம்' மாதிரியான பெயர்களில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். அதில் ஏற்றும் இலவச மென்பொருள் மெஷ்டாஸ்டிக், 2020-ல் தொடங்கியது. போனை ப்ளூடூத்தில் இணைத்து டைப் செய்தால் போர்டு அனுப்பும். வழியில் இருக்கும் இன்னொரு போர்டு அதை வாங்கி அடுத்ததுக்குத் தள்ளிவிடும். வழக்கமான செட்டிங்கில் இப்படி 3 தாவல்கள், அதிகபட்சம் 7.

இவ்வளவு தூரம் எப்படிப் போகிறது?

விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்து ஏலத்துக்குப் போயிருக்கிறீர்களா? அந்தக் கூச்சலில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. ஆனால் தாழ்விலிருந்து உச்சத்துக்கு இழுத்து ஒரு விசில் அடித்தால், தூரத்தில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். சத்தம் பெரிது என்பதால் இல்லை, அந்த 'உய்ய்' இழுப்பைக் காது அடையாளம் கண்டுகொள்வதால். லோரா செய்வது கிட்டத்தட்ட இதுதான். அலைவரிசையைக் கீழிருந்து மேலே இழுத்து இழுத்து அனுப்புகிறது. மிக மெதுவான செட்டிங்கில், சுற்றியுள்ள ரேடியோ இரைச்சலைவிட 100 மடங்கு பலவீனமான சிக்னலைக்கூட எதிர்முனை பிரித்தெடுத்துவிடும்.

விலை, வேகம். நொடிக்கு சுமார் 1 கிலோபிட். போட்டோ, வாய்ஸ் நோட் எல்லாம் மறந்துவிடுங்கள். ஒரு மெசேஜுக்கு ஏறக்குறைய 200 பைட், அவ்வளவுதான்.

இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிக்கல். தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறியும் 3 பைட் பிடிக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. 'இன்ஜின் நின்னு போச்சு' என்று அனுப்பினால் 59 பைட். இதையே ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாக அடித்தால் 18 பைட். 'கொந்தளிப்பு' என்ற ஒரே வார்த்தை 33 பைட்! இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 1 என்றால் இன்ஜின் கோளாறு, 2 என்றால் டீசல் தீர்ந்தது, 3 என்றால் ஆளுக்கு அடிபட்டிருக்கிறது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் அனுப்பி எதிர்முனையில் தமிழாகக் காட்டலாம். ஈரக் கையோடு ஆடும் படகில் டைப் செய்வதைவிட ஒரு பட்டனை அமுக்குவது சுலபமும்கூட. ஆனால் அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

போர்டைவிட உயரம் முக்கியம்

வீடியோக்களில் 'நூறு கிலோமீட்டர் போகும்' என்பார்கள். போகும், மலை உச்சியிலிருந்து. கடலில் விஷயம் வேறு. பூமி உருண்டை, ரேடியோ அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகிறது. அடிவானத்துக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது.

கணக்கு சிரமமில்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டுபிடித்து, 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். வள்ளத்தில் 3 மீட்டர் கம்பில் கட்டினால் 7 கிலோமீட்டர். இரண்டு வள்ளங்களுக்கு இடையே என்றால் 14. கரையில் 30 மீட்டர் உயரத்தில் ஒன்று வைத்தால் அதற்கு 22 அல்லது 23. அதோடு வள்ளத்தின் 7-ஐச் சேர்த்தால் சுமார் 30 கிலோமீட்டர், அதாவது 16 கடல் மைல். இது காகிதக் கணக்கு. அலையும், படகின் ஆட்டமும், ஈர உப்பும் சேர்ந்தால் குறையும்.

ஆக, 3,000 ரூபாய் போர்டைவிட 30 மீட்டர் உயரம்தான் இங்கே மதிப்புள்ள பொருள். இந்தக் கரையில் உயரத்துக்குப் பஞ்சமில்லை. மணப்பாட்டில் மணல் குன்றின் மேலேயே திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் தொடங்கி வேம்பார், தருவைகுளம், புன்னக்காயல், ஆலந்தலை, பெரியதாழை என்று முத்துக்குளித்துறை முழுக்க ஆலயங்கள். ஊருக்கு ஒரு கோபுரத்தில் ஒரு ரிப்பீட்டர், ஒரு சோலார் பேனல். 2023 வெள்ளம் மாதிரி ஒரு நாளில், கரையோர ஊர்கள் ஒன்றுக்கொன்று 'நாங்க பத்திரம்' என்றாவது சொல்லிக்கொள்ள இது போதும். அதை யார் மேலே ஏறிப் பராமரிப்பது, பேட்டரி போனால் யார் மாற்றுவது என்பதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

அப்போ அரசு கொடுக்கிற கருவி?

குழப்பிக்கொள்ளக் கூடாத இடம் இது. 2019-ல் வந்த ஜெமினி கருவி, செயற்கைக்கோள் வழியே வானிலை எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் போனுக்குத் தரும். பதில் அனுப்ப முடியாது. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியே கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகும். பழைய கருவியில் 'போய்ச் சேர்ந்ததா இல்லையா' என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'கிடைத்துவிட்டது' என்ற பதில் நாவிக் வழியே திரும்பி வருகிறது. நடுக்கடலில் அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, 2024 ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம். சுமார் 360 கோடி ரூபாயில் 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் 1 லட்சம் படகுகளுக்கு இருவழி டிரான்ஸ்பாண்டர்.

இவற்றில் ஒன்றின் வேலையைக்கூட லோரா போர்டு செய்யாது. உங்கள் மெசேஜைக் கேட்க இன்னொரு போர்டு சுற்றுவட்டாரத்தில் இருந்தால்தான் அது கருவி, இல்லையென்றால் பொம்மை. அது பயன்படும் இடம் வேறு. டீசல் தீர்ந்துவிட்டது, வலை சிக்கிவிட்டது, 'அண்ணே, கொஞ்சம் இழுத்துட்டுப் போறீயளா' என்று பக்கத்துப் படகைக் கூப்பிட வேண்டும். இதற்கெல்லாம் யாரும் ஆபத்து பட்டனை அமுக்க மாட்டார்கள், அமுக்கவும் கூடாது.

சங்கு குளிப்பவர்களுக்கு? தண்ணீருக்கு மேலே இருக்கும் வரை சரி. உப்புத் தண்ணீருக்குள் இந்த அலைவரிசை சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை, கீழே போனவர் கயிற்றை இழுத்துத்தான் மேலே தகவல் சொன்னார். அந்த இடத்தில் கயிற்றை வெல்ல இந்த போர்டால் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதல் லைசென்ஸ் தேவையில்லாத அலைவரிசை. 2021-ல் 868 வரை நீட்டித்தார்கள். ஆனால் டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான செட்டிங் 250. பெட்டியைத் திறந்து அப்படியே ஆன் செய்தால் விதிக்கு வெளியே நிற்கிறீர்கள்! 125-க்கு மாற்றிக்கொண்டால் வேகம் இன்னும் குறையும், ஆனால் பிரச்சினை இல்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் மாடலை வாங்கினால் அது நம் செல்போன் அலைவரிசைகளோடு மோதும். கருவிக்கு டபிள்யூபிசி-யின் ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2025 மே மாதம் அனுமதியில்லாத வாக்கி-டாக்கிகளை விற்றதற்காக நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இ-காமர்ஸ் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம்.

இது மன்னார் வளைகுடா. எதிரே இலங்கை, நடுவில் 1976 ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு. சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே வழக்கு பாயும் கடல். அதில் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் வீட்டுத் தயாரிப்புப் பெட்டியை ரோந்துப் படகில் இருப்பவர் சந்தேகமாகத்தான் பார்ப்பார். சட்டப்படி சரியாகவே இருந்தாலும், மீன்வளத் துறையிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடமும் முன்பே சொல்லிவிட்டு, தனி ஆளாக இல்லாமல் சங்கமாகச் செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

இன்னொரு சங்கதி. இந்த மென்பொருளின் பொதுச் சேனலுக்கான சாவி எல்லோருக்கும் தெரிந்தது. ஜிபிஎஸ்ஸை ஆன் செய்துவைத்தால், மீன் பாடு கிடைத்த இடத்தை ஊருக்கே அறிவித்த மாதிரி ஆகிவிடும். எந்த மீனவர் அதற்குச் சம்மதிப்பார்? படகுக் கூட்டத்துக்கென்று தனிச் சேனல், தனிச் சாவி வைத்துக்கொள்ளலாம். செட்டிங்கில் இரண்டு நிமிட வேலை.

2025 மார்ச்சில் 'இஎஸ்பி32-ல் ரகசியக் கதவு' என்று பரபரப்பான செய்தி வந்ததே? அதைச் சொன்ன ஸ்பெயின் நிறுவனம் டார்லாஜிக், பிறகு 'ரகசியக் கதவு' என்ற வார்த்தையைத் திரும்பப் பெற்று 'மறைந்திருக்கும் வசதி' என்று மாற்றிக்கொண்டது. சிப்புக்குள் ஏற்கனவே உங்கள் கோடு ஓடினால்தான் அந்தக் கட்டளைகளுக்கு வேலை. ஏதோ ஒருவர் காற்றில் வந்து நுழைந்துவிட முடியாது. சீன சிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு சி-டாக் தயாரித்த தேஜஸ்32 சிப்பில் ஓடும் ஏரீஸ் போர்டுகள் இருக்கின்றன. படிக்கவும் பழகவும் நன்றாக இருக்கும்.

வாங்குவதாக இருந்தால்

865 என்று தெளிவாகப் போட்டிருக்கும் மாடலாகப் பாருங்கள். ஆன்டெனாவை மாட்டாமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், வெளியே போக வேண்டிய சக்தி திரும்பி வந்து ரேடியோ சிப்பையே கெடுத்துவிடலாம். ஒன்று வாங்கிப் பயனில்லை, குறைந்தது இரண்டு. தூத்துக்குடி உப்புக் காற்றில் திறந்த போர்டு அதிக நாள் தாங்காது, காற்றுப் புகாத டப்பா கட்டாயம். முதல் சோதனையைக் கடலில் செய்ய வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் கரையில் இருப்பார்கள். அப்போது ஒரு போர்டைக் கோபுரத்தில் கட்டிவிட்டு, மற்றொன்றைக் கடலுக்குப் போகும் நாட்டுப்படகில் கொடுத்தனுப்பி, எத்தனையாவது கடல் மைலில் மெசேஜ் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம்.