திரைக்குப் பின்னுள்ள கங்காணி: கேகாலைத் தோட்டப்புறமும் இணைய விளம்பரமும்

சிறு வணிகரின் வறுமைக்கு இணைய விளம்பரமே அருமருந்து என்னும் கருத்து இன்று இலங்கையில் ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோலப் பரப்பப்பட்டு வருகின்றது. சுயதொழிற் பயிற்சி வகுப்புகளிலும், வங்கிகளின் கடன் திட்டங்களிலும், அரசியல்வாதிகளின் மேடைகளிலும் அஃது ஓயாது ஒலிக்கின்றது. கையில் ஒரு தொலைபேசியும் உள்ளத்தில் ஊக்கமும் இருப்பின், லயக் காம்பிராவிற் பிறந்தவனும் கொழும்புப் பெருவணிகனோடு சரிநிகராய்ச் சந்தையில் நிற்கலாம் என்பது அதன் சாரம். அவ்வாறு நின்று வெல்லாதவன் முயற்சி குன்றியவன் என்பது அதன் சொல்லப்படாத மறுபாதி. இவ்விரண்டும் பிழையானவை என்பதற்குக் கேகாலை மாவட்டத்துத் தோட்டப்புறத்தைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள், சிங்களக் கிராமங்களாற் சூழப்பட்ட சிறு தொகையினர். நுவரெலியாவிலுள்ளது போன்ற எண்ணிக்கைப் பலமோ அரசியற் பலமோ இவர்களுக்கு இல்லை. தோட்டக் கூலியால் மட்டும் குடும்பம் நடத்தமுடியாத நிலையில், இளந்தலைமுறையினர் தையல், அழகுக்கலை, சிற்றுண்டித் தயாரிப்பு, கைத்தொலைபேசி திருத்தல், கோழி வளர்ப்பு முதலிய சிறு தொழில்களை நாடுகின்றனர். அயற் கிராமங்களின் கித்துள் பாணியையும் கருப்பட்டியையும் வாங்கி விற்போரும் உளர். இணைய விளம்பரம் பற்றிய வாக்குறுதிகள் இவர்களை நோக்கியே வீசப்படுகின்றன.

அவ்வாக்குறுதிகளில் உண்மையே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. பத்திரிகையிலும் வானொலியிலும் விளம்பரம் செய்தல் சிறு வணிகருக்கு என்றுமே எட்டாக்கனியாக இருந்தது. இன்றோ சில நூறு ரூபாயுடன் தொடங்கலாம்; இன்ன ஊரில் வாழும் இன்ன வயதினருக்கே விளம்பரம் சென்றடையுமாறு வரையறுக்கலாம். தெரணியகலைத் தையற்காரி ஒருத்தியின் வேலைப்பாட்டை அவிசாவளையில் இருப்பவர் நொடிப்பொழுதிற் காணமுடிகின்றது. இவ்வசதி மெய்யானதே. ஆயின் அதனை நுகர்வதற்கு வணிகர் எவற்றை முன்னதாகவே உடையவராய் இருத்தல் வேண்டும், நுகர்ந்த பின் கிடைக்கும் பயனில் யாருக்கு எவ்வளவு செல்கின்றது என்னும் இரு வினாக்களையும் இணையத்தின் புகழ்பாடுவோர் எழுப்புவதில்லை.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோமாயின், முதலில் வேண்டப்படுவது முகவரி. லயங்களில் வாழ்வோருக்குத் தெருப் பெயரும் வீட்டிலக்கமும் கொண்ட தனி முகவரி இன்மை மலையகத்தின் நெடுநாளைய குறைபாடு. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து பிரித்தளிக்கப்படுவதே வழக்கமாயிற்று. கூகிள் நிறுவனம் தன் வரைபடத்தில் ஒரு வணிகத்தைச் சேர்ப்பதற்கு, அதன் முகவரிக்கு இரகசிய எண் பொறித்த அஞ்சலட்டையை அனுப்பி உறுதிப்படுத்தும் முறையையே நெடுங்காலம் கைக்கொண்டது. தனக்கென முகவரியில்லாதவர் இம்முறையின் முதற்படியிலேயே நின்றுவிடுவார் என்பதை விளக்கவேண்டியதில்லை. அடுத்து வேண்டப்படுவது வணிகப் பெயர்ப் பதிவு. அதற்கு இடத்தின் உரித்தைக் காட்டவேண்டும். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாலும், 1992இல் தோட்ட முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதாலும் காணி கைமாறியதேயன்றி, லயத்தில் வாழ்ந்தோர் எவரும் அதற்கு உரியவராகவில்லை. 2015இற்குப் பின்னர் பேசப்பட்ட ஏழு பேர்ச் காணித் திட்டமும் மிகச் சிலரையே எட்டியது. மூன்றாவதாக, விளம்பரக் கட்டணத்தைச் செலுத்த வங்கி அட்டை வேண்டும். நாட்கூலிக் குடும்பத்துக்கு எந்த வங்கி கடனட்டை வழங்கும்?

இவ்விடைவெளியிலேதான் ஓர் இடைத்தரகர் முளைக்கின்றார். தம் அட்டையால் டொலரைச் செலுத்தி, வணிகரிடம் ரூபாயாகப் பெற்று, தமக்கொரு பங்கையும் எடுத்துக்கொண்டு விளம்பரத்தைப் 'பூஸ்ட்' செய்து கொடுக்கும் தொழில் இன்று நாடெங்கும் நடைபெறுகின்றது. அவர் எவ்வளவு செலுத்தினார், எத்தனை பேர் பார்த்தனர் என்பன அவர் காட்டும் திரைப்படப்பிடிப்பிலன்றி வணிகருக்குத் தெரியா. அவரைத் தனிப்படக் குற்றஞ்சாட்டுவதிற் பொருளில்லை. அவர் இல்லையேல் பலருக்கு வாயிலே திறவாது. ஆயின் இத்தகைய இடைத்தரகர் தோட்டப்புற வரலாற்றுக்குப் புதியவர் அல்லர்.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள்திரட்டி வந்த கங்காணி, தன் கீழுள்ள ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்கு வந்த நாளுக்கெனத் தலைக்காசு பெற்றான். பயணச் செலவும் முற்பணமும் தொழிலாளியின் கடனாக ஏறின. அக்கடனின் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டை வைத்தே தொழிலாளர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். புதிய தோட்டம் கடனைத் தீர்த்தது. தொழிலாளியின் கணக்கில் அது மேலும் வளர்ந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அம்முறையின் உயிர்நிலை கடன் மட்டுமன்று. தொழிலாளி தன் கணக்கைத் தானே பார்க்க இயலாதிருந்தமையும், தன் உழைப்பை விற்பதற்கு இன்னொருவனின் வாயிலினூடாகவே செல்லவேண்டியிருந்தமையுமே அதன் உயிர்நிலை. இணைய விளம்பரத்தில் இவ்விரண்டும் மீண்டும் தோன்றுகின்றன. இங்கு நகரத்துத் தரகர் சில்லறைக் கங்காணி எனின், பெரியங்கங்காணி கடல்கடந்த நிறுவனமே.

இனி, பயன் யாரைச் சேர்கின்றது என்னும் இரண்டாம் வினாவை ஆராயலாம். முகநூல் விளம்பரம் விலைப்பட்டியல் கொண்ட பண்டம் அன்று. அஃது ஓர் ஏலம். ஒருவர் திரையைத் திறக்கும் ஒவ்வொரு கணமும், அவர் கண்முன் நிற்கும் உரிமைக்காக விளம்பரதாரர் பலரின் கேள்விகள் ஒப்பிடப்படுகின்றன. கேட்கும் தொகையோடு, பார்ப்பவர் இணங்குவதற்கான வாய்ப்பைப் பற்றிய பொறியின் மதிப்பீடும் விளம்பரத்தின் தரமும் கணக்கிலெடுக்கப்படுகின்றன. முன்னரே பெருந்தொகை செலவிட்டு, வாடிக்கையாளர் பற்றிய தரவுகளைத் திரட்டியுள்ள நிறுவனத்துக்கு இம்மதிப்பீடு சாதகமாக அமைவது இயல்பு. சிறு வணிகரும் பெருவணிகரும் ஒரே ஏலத்தில் நிற்கின்றனர் என்பது உண்மையே. நிற்பதனால் மட்டும் இருவரும் நிகராகிவிடார்.

யட்டியாந்தோட்டையில் பத்துத் தையற்காரர் உளர் எனக் கொள்வோம். முதலாமவர் விளம்பரம் செய்தபோது அவருக்கு வேலை கூடியது. அதனைக் கண்டு ஏனைய ஒன்பதின்மரும் விளம்பரம் செய்வர். ஊரில் தைக்கப்படும் சட்டைகளின் தொகை அதனாற் பத்துமடங்கு ஆகிவிடாது. முன்பு எவருக்கு எவ்வளவு வேலை இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவே மீளவும் அமையும். ஆயின் பதின்மரும் இப்போது மாதந்தோறும் ஒரு தொகையை வெளியே அனுப்புவர். நிறுத்துபவர் பின்தங்குவார் ஆதலின் எவரும் நிறுத்தமாட்டார். பொருளியலறிஞர் றிக்காடோ நிலவாரம் பற்றிக் கூறிய விளக்கம் இதற்கு முற்றும் பொருந்துகின்றது: எதனையும் உற்பத்தி செய்யாமலே, இடத்தின் உரிமையைக் கொண்டு பிறர் வருவாயில் ஒரு பங்கைப் பெறுதல் வாரமாகும். முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 16,450 கோடி அமெரிக்க டொலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்ட பகுதி விளம்பரத்தால் வந்தது. இலங்கையின் அவ்வாண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியினும் இது மிகப் பெரிது.

கொழும்பு - கண்டி வீதியை இங்கு ஒப்புநோக்கலாம். ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கட்டாய உழைப்பைக் கொண்டு அமைக்கப்பட்ட அவ்வீதி வரக்காபொலை, கேகாலை, மாவனெல்லை வழியாகச் செல்கின்றது. அதன் இருமருங்கிலும் பழமும் பலகாரமும் விற்போர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். வாகனத்திற் செல்வோர் அவர்தம் கடையைப் பார்ப்பதற்கென எவருக்கும் எவரும் பணம் செலுத்தியதில்லை, வீதி பொதுவுடைமை. இணையத்தின் வீதியோ தனியுடைமை. அதன் சுங்கச்சாவடி விரும்பிய நேரத்தில் இடம்பெயர்க்கப்படுகின்றது. தொடக்க ஆண்டுகளில் ஒரு வணிகப் பக்கத்தின் பதிவுகள் அதனைப் பின்தொடர்ந்தோருக்குக் கட்டணமின்றியே பெரிதும் சென்றடைந்தன. பின்னர் அது சுருக்கப்பட்டது. நண்பர், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்து பக்கங்களின் பதிவுகளைப் பின்தள்ளுவதாக 2018 ஜனவரியில் நிறுவனமே அறிவித்தது. தானே தேடிச் சேர்த்த வாடிக்கையாளரைச் சென்றடைவதற்கும் வணிகர் பணம் செலுத்தவேண்டிய நிலை இவ்வாறே உருவாயிற்று.

இவ்வாரம் டொலரில் அறவிடப்படுவதும் கருதத்தக்கது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். நாளொன்றுக்கு ஐந்து டொலர் விளம்பரம் என்பது ஒருநாட் கூலி. 2022 மே மாதத்தில் டொலர் ஏறத்தாழ 360 ரூபாயாயிற்று. அதே விளம்பரத்துக்கு அப்போது 1800 ரூபாய், அதாவது ஏறக்குறைய இரண்டு நாட் கூலி வேண்டியிருந்தது. தையற்காரியின் ஊசியும் நூலும் உழைப்பும் மாறவில்லை, வாடிக்கையாளரோ வறியவராயினர், வாரம் மட்டும் உயர்ந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்து மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு அது.

விளம்பரத்தால் ஒருவர் செல்வராவதும், விளம்பரத்திற் காட்டப்பட்டவர் வறியவராகவே நிற்பதும் இலங்கைத் தேயிலையின் வரலாற்றிலேயே காணக்கிடக்கின்றன. 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்குக் கொணர்வதாக உலகெங்கும் விளம்பரம் செய்தார். 1898இல் சேர் பட்டமும் பெற்றார். 1932இல் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டு, 'சிலோன் தேயிலை' என்னும் பெயர் மேலும் பரப்பப்பட்டது. கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் இவ்விளம்பரங்களிற் பலகால் இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அப்பெண்ணின் குடியுரிமையையே பறித்தது. உலகெலாம் அறியப்பட்ட முகத்துக்குச் சொந்த நாட்டில் வாக்குச்சீட்டு இல்லாதிருந்தது. பார்க்கப்படுதல் வேறு, பயன்பெறுதல் வேறு என்னும் பாடத்தை இம்மக்களுக்கு இணையம் கற்பிக்கவேண்டியதில்லை.

இத்துடன் ஓர் ஆபத்தும் சேர்கின்றது. கண்களை நிறுத்தி வைப்பதால் வருவாய் ஈட்டும் பொறிக்குச் சினமும் அச்சமும் நல்ல தூண்டில்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, முகநூல்வழிப் பரவிய வெறுப்புரையின் பங்கு வெளிப்பட்டது. 2020 மே மாதத்தில் நிறுவனம் அதற்காக மன்னிப்புக் கோரியது. அவ்வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. சிறுபான்மையினராய்ப் பல வன்முறைகளைக் கண்ட சபரகமுவத் தமிழர்க்கு இதன் பொருள் இரட்டிப்பானது. தம் கடைவாயிலாகக் கொண்ட இடமே தமக்கெதிரான கலவரத்தின் கருவியாகலாம். அரசின் ஓர் ஆணையால் அவ்வாயில் அன்றே அடைக்கவும்படலாம். முறையிடச் சென்று நிற்க யட்டியாந்தோட்டையில் அந்நிறுவனத்துக்கு ஓர் அலுவலகமும் இல்லை.

அவ்வாறாயின் தோட்டப்புற இளைஞர் இணையத்தைப் புறக்கணிக்கவேண்டுமா என்று வினவப்படலாம். அது தீர்வன்று, ஆறு கடக்கத் தோணியே வழியெனில் தோணிக்காரனின் கூலியைக் கேள்விக்குட்படுத்தலாமேயன்றிக் கரையிலேயே இருந்துவிட இயலாது. கூலியைக் கேள்விக்குட்படுத்தத் தனியொருவராலும் இயலாது. இங்குதான் பயிற்சி வகுப்புகளின் அடிப்படைத் தவறு வெளிப்படுகின்றது. கூட்டாகத் தீர்க்கப்படவேண்டிய ஒன்றைத் தனிமனித ஊக்கத்தின் பிரச்சினையாக அவை மாற்றிவிடுகின்றன.

கேகாலை மண்ணிலேயே இதற்கு மாற்றுமுறை பிறந்துள்ளது. நலிவுற்றிருந்த சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களை 1978ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த பி. ஏ. கிரிவந்தெனிய புத்துயிர்ப்பித்தார், 'சணச' என்னும் பெயரில் அவ்வியக்கம் நாடெங்கும் பரந்தது. வங்கி கடன் தராத கிராமத்தவர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தாமே கடன் வழங்கினர். விளம்பரத்திலும் இதுவே செயத்தக்கது. பத்துத் தையற்காரரும் ஒருவரையொருவர் ஏலத்தில் விஞ்சுவதை விடுத்து, ஒரே பெயரில், ஒரே பக்கத்தில், ஒரே கணக்கில் விளம்பரம் செய்வராயின் தமக்குள் நிகழும் ஏலமேனும் நிற்கும். தரகரின் கணக்கு அனைவர் கண்ணிலும் படும். வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கங்களைச் சங்கமே திரட்டி வைத்து, வாட்சப் போன்றவற்றின்வழி நேரே செய்தி அனுப்பின், ஒவ்வொரு முறையும் சுங்கம் செலுத்தவேண்டியதில்லை. ஊர்ச் சந்தை நாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு பலகை ஒரு மாத 'பூஸ்டை'விட அதிகம் விற்றுத்தருதலும் கூடும்.

அரசின் கடமையோ இதனினும் அடிப்படையானது. லயத்துக்கும் புதிய குடியிருப்புக்கும் தனி முகவரியும், காணிக்கு உறுதியும், வணிகப் பதிவுக்குத் தமிழில் இயங்கும் பிரதேச செயலகக் கருமபீடமும் இல்லாத இடத்தில், எண்ணிமப் பொருளாதாரம் பற்றிப் பேசுதல் வாயில் இல்லாத வீட்டுக்குப் பூட்டு விற்பதை ஒக்கும். தமிழ் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. கேகாலையின் அலுவலகங்களில் அதன் நடைமுறை இன்னும் தேடப்படவேண்டியதாகவே உள்ளது. பல்கலைக்கழகத்தின் வணிக, முகாமைத்துவ பீடங்களும் பொறுப்பினின்று நீங்கமுடியாது. கடல்கடந்த நிறுவனத்தின் விளம்பரப் பொத்தான்களை அழுத்தப் பழக்குவதையே சந்தைப்படுத்தற் கல்வியெனக் கொள்ளாது, அப்பொத்தானுக்குப் பின்னால் நிகழும் ஏலத்தையும் அதனால் வெளியேறும் செல்வத்தையும் ஆய்ந்து, அவ்வாய்வைத் தோட்டப்புற இளைஞர்க்கு விளங்கும் தமிழில் அளித்தல் அவற்றின் கடன்.

துண்டு முறை தொழிலாளியின் ஊக்கத்தால் ஒழியவில்லை. கணக்கு வெளிச்சத்துக்கு வந்து, கண்டனம் எழுந்து, சட்டம் இயற்றப்பட்ட பின்னரே ஒழிந்தது. திரைக்குப் பின்னுள்ள கங்காணியின் கணக்கும் அவ்வாறே கேட்டுப் பெறப்படவேண்டும். அதுவரை, விளம்பரம் செய்து முன்னேறுக என்று தோட்டப்புறச் சிறு வணிகருக்கு உபதேசிப்போர், அவ்விளம்பரத்தின் வாரத்தை யார் செலுத்துகின்றார், யார் பெறுகின்றார் என்பதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர் ஆவர்.