மகன் மூடிய கதவு

பேர்லினுக்கு வாற சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுற இடங்களில் ஷார்லொட்டன்பேர்க் மாளிகை கட்டாயம் இருக்கும். வாசலில் நின்று படம் எடுப்போம். பின்பக்கத் தோட்டத்தில் பிள்ளைகளை ஓடவிடுவோம். 'ஆர் அந்த ஷார்லொட்டே?' என்று பிள்ளை கேட்டால், 'ஆரோ ஒரு இராணி' என்று சொல்லிச் சமாளித்துவிடுவோம். இந்த முறை அந்த 'ஆரோ ஒரு இராணி'யைப் பற்றித்தான் எழுதப் போறேன். பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஏற்றி இறக்குகிற எங்களுக்கு அவருடைய கதையில் யோசிக்க நிறைய இருக்கிறது.

சோஃபி ஷார்லொட்டே 1668ஆம் ஆண்டு ஒஸ்னாபுறூக் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஈபுர்க் கோட்டையில் பிறந்தவர். ஹனோவர் அரச குடும்பத்துப் பெண். தாய் சோஃபியா நன்றாகப் படித்தவர், வருகிற அறிஞர்களோடு சரிசமமாக இருந்து கதைக்கக் கூடியவர். மகள் பதினாறு வயது நிறைய முன்னமே, 1684இல், பிராண்டன்பேர்க் இளவரசர் ஃபிரிடிரிக்குக்குக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டார். முதல் பிள்ளை குழந்தையாகவே இறந்துபோனது. 1688இல் பிறந்த மகன் ஃபிரிடிரிக் வில்ஹெல்ம் தங்கினார். 1701 ஜனவரி 18ஆம் திகதி கேனிக்ஸ்பேர்க்கில் கணவர் தன் தலையில் தானே முடியை வைத்துக்கொண்டு, பிறகு மனைவிக்கும் சூட்டினார். அன்றோடு அவர் பிரஷ்யாவின் முதல் இராணி.

கணவருக்கு ஆடம்பரம், சடங்கு, ஊர்வலம் எல்லாம் உயிர். இராணிக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 1695இல் பேர்லினுக்கு மேற்கே லீட்சன்பேர்க் என்ற இடத்தில் தனக்கென்று ஒரு கோடைகால மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அங்கே நடந்தது முழுக்க இசையும் பேச்சும்தான். இத்தாலியில் இருந்து பொனொன்சினி, அரியோஸ்டி போன்ற இசைக்காரர்கள் வந்தார்கள். ஒப்பெராக்கள் மேடையேறின. வயலின் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கோரெல்லி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்கள். அவர் 1700இல் வெளியிட்ட வயலின் சொனாட்டாக்கள், அதாவது அவருடைய ஐந்தாவது தொகுப்பு, இந்த இராணிக்குத்தான் சமர்ப்பணம். அவர் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பியானோவுக்கு முந்தின வாத்தியமான ஹார்ப்சிகோர்டைத் தானே இருந்து வாசித்தார்.

பேச்சுக்கு வந்தவர்களில் பெரிய ஆள் தத்துவ அறிஞர் லைப்னிஸ். உலகத்தில் ஏன் தீமை இருக்கிறது, கடவுள் நல்லவர் என்றால் இது எப்படி என்று இரண்டு பேரும் தோட்டத்தில் நடந்து நடந்து கதைத்தார்கள். அந்தக் கதைகளில் இருந்து வளர்ந்ததுதான் லைப்னிஸ் 1710இல் வெளியிட்ட 'தியோடிசி' என்ற நூல். பேர்லின் விஞ்ஞானச் சங்கம் 1700இல் உருவாகவும், லைப்னிஸ் அதன் முதல் தலைவராகவும் இராணியின் ஆதரவு பெரிய காரணம். அந்தச் சங்கத்துக்குக் காசு எங்கே இருந்து வந்தது தெரியுமா? நாட்காட்டி விற்று! நாட்டில் நாட்காட்டி அச்சடித்து விற்கும் உரிமை முழுக்கச் சங்கத்துக்கே கொடுக்கப்பட்டது. பஞ்சாங்கம் விற்ற காசில் வான ஆராய்ச்சி நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கோ.

1705 பெப்ரவரி 1ஆம் திகதி, தாயைப் பார்க்க ஹனோவருக்குப் போன இடத்தில், நிமோனியாக் காய்ச்சலில் இராணி இறந்துபோனார். வயது 36. துக்கம் தாளாத கணவர் லீட்சன்பேர்க்கின் பெயரை ஷார்லொட்டன்பேர்க் என்று மாற்றினார். சுற்றுலாக் கைநூலில் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

இசை நிறைந்த அந்த வீட்டில் வளர்ந்த மகனுக்கு அம்மாவின் உலகம் பிடிக்கவே இல்லை. 1713இல் அரசரானதும் அரண்மனை இசைக்குழுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காசெல்லாம் இராணுவத்துக்குப் போனது. உயரமான ஆண்களை நாடு நாடாகத் தேடிப் படையில் சேர்த்தது அவருடைய பொழுதுபோக்கு. தாய் சேர்த்ததை எல்லாம் மகன் ஒரே வீச்சில் முடித்துவிட்டார் என்றுதான் அந்த நேரம் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆனால் வேலை போன பேர்லின் இசைக்காரர் சிலர் கேத்தன் என்ற சின்ன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1717இல் அந்தக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் யோஹான் செபாஸ்டியான் பாஹ். தாய் தகப்பன் இல்லாமல் இராணியின் பொறுப்பில் வளர்ந்த கரோலின் என்ற பெண், லைப்னிஸின் பேச்சை அந்த வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். பிறகு இராணியின் அண்ணன் மகனைக் கல்யாணம் செய்து, 1727இல் பிரித்தானியாவின் இராணியானார். அவருடைய பெண்பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தவர் ஹெண்டல். அடுத்தது பேரன், இரண்டாம் ஃபிரிடிரிக். அப்பம்மா இறந்து ஏழு வருடம் கழித்துப் பிறந்தவர், அவரைக் கண்ணாலும் காணவில்லை. தகப்பனின் அடிக்குப் பயந்து ஒளித்து ஒளித்துப் புல்லாங்குழல் படித்தார். 1740இல் அரசரானதும் அப்பம்மாவின் மாளிகைக்குப் புதுப் பகுதி கட்டத் தொடங்கினார். 1742இல் பேர்லினில் ஒப்பெரா மண்டபத்தைத் திறந்தார்.

நானும் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு இழுபட்டுப் போன தலைமுறைதான். இப்போ எங்கட பிள்ளைகளை நாங்கள் இழுத்துக்கொண்டு போறம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை 'எனக்கு மிருதங்கம் வேண்டாம், நான் ஹாண்ட்பால் விளையாடப் போறேன்' என்று சொல்லும்போது, எத்தனையோ வருடக் காசும் ஓட்டமும் வீணாய்ப் போச்சு என்று நெஞ்சு அடைக்கும். அம்மா அப்பாவின் காலத்தில் இருந்து கொண்டுவந்தது எங்களோடு அறுந்துபோகுதே என்ற பயமும் அதுக்குள் இருக்கும். இராணியின் வீட்டில் அது அறுந்ததுபோலத்தான் இருந்தது, அறுந்துபோகவில்லை. பெற்ற மகன் விட்டதை வளர்ப்புப் பெண்ணும் பேரனும் எடுத்துக்கொண்டார்கள்.

மகனையும் ஒரேயடியாகக் குறை சொல்ல ஏலாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும் என்று 1717இல் பெற்றோருக்குக் கட்டளை போட்டவர் அவர்தான். தாயின் வழி வேண்டாம் என்ற பிள்ளைக்கும் தன் வழி ஒன்று இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் இசை பிள்ளைகளுக்கான வகுப்பாக மட்டும் இருக்கவில்லை. பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்ததால் வாசித்தார்கள், தர்க்கம் பண்ணினார்கள், கரோலின் போன்றவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டார்கள். நாங்கள் பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து ஃபோன் பார்க்கிறம். நாங்களே ஆசைக்கு ஒரு பாட்டுப் பாடினதை, ஒரு தமிழ்ப் புத்தகம் விரித்துப் படித்ததைப் பிள்ளை கடைசியாக எப்போ கண்டது?

பிள்ளை மிருதங்கத்தை மூலையில் வைத்தால் வைக்கட்டும். உடனே விளம்பரம் போட்டு விற்றுவிடாதேங்கோ. தங்கச்சியின் மகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வந்து தட்டிப் பார்க்கக் கேட்டால் குடுங்கோ. பின்னேரத்தில் நீங்களே இருந்து இரண்டு தட்டுத் தட்டினாலும் நல்லதுதான்.