கோபப்படும் தமிழ்த்தாய்

திரையில் ஒரு சமூகம் எப்படிக் காட்டப்படுகிறதோ அப்படியே பிறர் மனத்தில் பதிந்துவிடுகிறது. மலாய்ப் படங்களில் தமிழர் வந்தால் பெரும்பாலும் சிரிக்க வைப்பதற்கே வருவார்கள். அந்த வழக்கத்தை உடைத்தவர்களுள் மறைந்த இயக்குநர் யாஸ்மின் அகமட் முக்கியமானவர்.

1958இல் மூவாரில் பிறந்த யாஸ்மின், விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக அவர் எடுத்த பண்டிகைக்கால விளம்பரங்களை நாம் அறிவோம். 2003 முதல் 2009 வரை ஆறு படங்களை இயக்கினார். மலாய்ப் பெண்ணும் சீன இளைஞனும் காதலிக்கும் 'செப்பெட்', 2005இல் தோக்கியோ விழாவில் சிறந்த ஆசியப் படமாகத் தேர்வு பெற்றது. இங்கோ, மறு ஆண்டே அவருடைய படங்கள் பண்பாட்டைக் கெடுக்கின்றனவா என்று தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது!

அவரது கடைசிப் படம் 'டேலன்டைம்' (2009). அதன் நாயகன் மகேஷ், காது கேளாத தமிழ் மாணவன். மெலோர் என்ற முஸ்லிம் பெண்ணை விரும்புகிறான். அவன் அம்மா கொதித்தெழுகிறார். மகேஷின் மாமா கணேஷ் தம் திருமண நாளிலேயே கொல்லப்பட்டவர்; அந்தத் துயரம்தான் அம்மாவின் மனத்தில் கசப்பாக உறைந்துவிட்டது.

"நம் தாயை இனவாதியாகக் காட்டலாமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். என் கருத்து வேறு. அந்தக் கசப்பை யாஸ்மின் நியாயப்படுத்தவில்லை. அதன் காரணத்தை மறைக்கவுமில்லை. கோமாளியாக வந்து போவதைவிட, கோபமும் துயரமும் குறையும் உள்ள மனிதராக வருவதே நமக்கு மரியாதை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என் போன்றோருக்கு இன்னொன்றும் புரியும். அங்கே தமிழ், சிற்றுண்டிச்சாலையில் நமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. இப்படத்திலோ அந்த அம்மா தமிழில் அழுகிறார். மலாய்க்காரரும் சீனரும் திரையின் அடியில் ஓடும் வரிகளைப் படித்து அவரைப் புரிந்துகொள்கிறார்கள்.

படம் வெளிவந்து நான்கே மாதத்தில், 2009 ஜூலை 25ஆம் நாள், 51ஆவது வயதில் யாஸ்மின் காலமானார். தமிழரல்லாத ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டி, கதை கேட்டுச் சொன்னார். நாமோ கலை இரவுதோறும் கோடம்பாக்கப் பாடல்களுக்கே ஆடுகிறோம். ஆடுவது தவறில்லை. ஆனால், அடுத்த கலை இரவில் அரை மணி நேரத்தையாவது நம் தோட்டத்தின், நம் அடுக்குமாடி வீட்டின் கதைக்கு ஒதுக்கக் கூடாதா? நம் கதையை இன்னொருவர் வந்து சொல்லட்டும் என்று எத்தனை நாள் காத்திருப்பது? சிந்திப்போம்.