மலிவு மகிழுந்தும் மலைப்பாதையும்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மகிழுந்து வாங்கும் பேச்சு எழுந்தால், 'குறைந்த விலை, நிறைந்த வசதி' என்று கொரிய வண்டிகளைப் பலரும் பரிந்துரைப்பர். மாதச் சம்பளத்தில் தவணை கட்டும் குடும்பத்திற்கு விலை பெரிய செய்தி. ஆகவே, 'கொரிய வண்டி என்றாலே குப்பை' எனத் தூற்றுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

1986-இல் ஹூண்டாய் எக்செல் அமெரிக்காவில் 4,995 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. விலையைக் கண்டு மொய்த்த மக்கள், தரத்தைக் கண்டு விலகினர். இழந்த பெயரை மீட்க, இயந்திரத்திற்கும் கியர் பெட்டிக்கும் 10 ஆண்டு உத்தரவாதத்தை 1998-இல் அங்கு அறிவித்தனர். அதே ஆண்டில், தமிழ்நாட்டின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சாண்ட்ரோ வெளிவந்தது. கொரியர் உழைத்து முன்னேறினர், மறுப்பதற்கில்லை.

ஆனால், மலிவு எதைக் குறைத்து வந்தது என்று நாம் கேட்கிறோமா?

2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், அதே ஆலையில் உருவான ஐ10, பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. சோதிக்கப்பட்டது காற்றுப்பை இல்லாத அடிப்படை வகை. ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஐ10 வண்டிகளிலோ காற்றுப்பைகள் இருந்தன! ஆல்டோ, நானோ, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் அடிப்படை வகைகளும் அன்று அவ்வாறே தோற்றன. எனவே இது கொரியரின் குற்றம் மட்டுமன்று. உயிர்காக்கும் பொருளை 'கூடுதல் வசதி' என்று விற்கும் வணிகத்தின் குற்றம். கேட்காமல் வாங்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியெங்கும் வளைவுகள், மழை, மூடுபனி, காய்கறி லோரிகள். இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அங்கே தொடுதிரையும் தோல் இருக்கையும் யாரைக் காக்கும்?

2003-இல் வந்த நாசா ரியாவை எண்ணிப் பாருங்கள். கியா கார்னிவலின் உள்நாட்டுப் பெயர் அது. இடம் தாராளம், பழைய வண்டியின் விலையும் குறைவு. ஆனால், 2.5 லிட்டர் வி6 இயந்திரம் மலையேற்றத்தில் குடிக்கும் பெட்ரோலையும், உதிரிப்பாகம் தேடி ஈப்போவரை இறங்கும் செலவையும் விலைச்சீட்டு சொல்லாது.

ஆகவே, முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள்:

1. காற்றுப்பைகள் எத்தனை? சறுக்கலைக் கட்டுப்படுத்தும் கருவி உண்டா?
2. உதிரிப்பாகம் எங்கே, என்ன விலையில் கிடைக்கும்?
3. ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கைப் பட்டை உண்டா?

நம் நாட்டில் பின்னிருக்கைப் பட்டை 2009 முதலும், குழந்தை இருக்கை 2020 முதலும் கட்டாயம். ஆயினும், அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் மடிமேல் அடுக்கிப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதை 'உதவி' என்கிறோம். அது உதவியன்று, ஆபத்து!

பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கும் நாம், விளம்பரத் தாளில் எழுதாமல் விட்டதையும் வாசிக்கப் பழகுவோம்.